முதுகில் எழுதியது

மாதுங்கா,
12 பிப்ரவரி 1965

செண்பகத்துக்கு,

டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, காமாலைக்கு ஆறு வாரம் படுக்கை என்றார். செருப்பை மாட்டும்போது, எட்டாகவும் ஆகலாம் என்றார்.

அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "காட்டுல போய் எழுத்துச் சொல்லிக்குடுத்தது போறும்டி. எம்.ஏ. படிச்சது இதுக்கா?" என்று உப்பில்லாத மோரை நீட்டுகிறாள்.

கீழ் வீட்டில் மதராஸ் பத்திரிகை வந்தால் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். அங்கே ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசுகிறார்களாம். நான் இங்கே படுத்துக்கொண்டு, மராத்திக்கும் உரிய அதே எழுத்தை வார்லிப் பழங்குடிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்று ஏங்குகிறேன். சிரித்தால் வலப்பக்கம் வலிக்கிறது.

நீ சுகாதார வகுப்பை மட்டும் நடத்து. நகம், பேன், தண்ணீரைக் கொதிக்கவைப்பது, மாதத் துணியை வெயிலில் உலர்த்துவது. எழுத்து வகுப்பு நான் வரும்வரை வேண்டாம். கரும்பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வை. மராத்தி எழுத்தை நீயே என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். அரைகுறையாக ஏறிவிட்டால் பிறகு அழிப்பது கஷ்டம். ஆறு மாதத்தில் பதினோரு பேரைக் கையெழுத்துவரை கொண்டுவந்திருக்கிறேன். அது கலையக் கூடாது.

சுக்ரி கேட்டாளா? தன் பெயரை முதலில் எழுதியவள் அவள்தான். எழுதி முடித்துக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். படுக்கையில் அது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

ஷ்யாமளா


உம்பர்பாடா,
21 பிப்ரவரி 1965

ஷ்யாமளா அக்காவுக்குச் செண்பகம் எழுதுவது.

உங்கள் கடிதம் நம் சங்கத்து வண்டியில் வந்தது. ஓட்டிவந்த ஜம்பு அண்ணன், "ஏ செண்பகம், ஒங்க அக்கா கடுதாசி. அதுவும் மஞ்சளாத்தான் இருக்கு பாரு" என்று கேலி செய்தார். கவர் பழுப்பு நிறம். அதற்குக் கேலி.

எல்லோரும் கேட்கிறார்கள். காலையில் வந்ததும் "பாயி எங்கே, பாயி எங்கே" என்று உங்களைத்தான். ஈரல் கோளாறு என்று சொன்னேன். சுக்ரி தன் வயிற்றைத் தொட்டு, "இங்கனயா?" என்றாள். அப்போதுதான் அவளுக்கு ஐந்தாம் மாதம் என்று தெரிந்தது. உங்களிடம் சொல்ல வெட்கமாம். இதற்குமுன் மூன்று பிள்ளைகள் அக்கா. ஒன்றும் பத்து நாள் தாண்டவில்லை. கொப்பூழ்க்கொடியை அரிவாளால் அறுத்துச் சாணிச் சாம்பலை அப்பியிருக்கிறார்கள். இந்தத் தடவை பிளேடைக் கொதிக்கவைத்து நான் அறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "நீ இருப்பியா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

பலகையைத் திருப்பி வைத்துவிட்டேன். இப்போது மண்ணெண்ணெயும் பேன்சீப்பும்தான். ஒரு நாளைக்கு நாலு தலை. தாராவியிலிருந்து என் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "எட்டி, ஊரா தலையில பேன் பாக்கதுக்கா ஒன்ன எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிக்க வச்சேன்?"

என்னை மாவ்ஷி என்று கூப்பிடுகிறார்கள். சித்தி என்று அர்த்தமாம். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

நீங்கள் சீக்கிரம் வாருங்கள் அக்கா.

உங்கள்
செண்பகம்


மாதுங்கா,
9 மார்ச் 1965

செண்பகத்துக்கு,

மருந்து வந்தது. "இந்தாங்க, காட்டு வைத்தியம்" என்று ஜம்பு தேக்கிலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு வேர். வேரோடு ஒரு காகிதம். சுக்ரியின் கையெழுத்து. அவளுடைய கோடுகள் இடப்பக்கம் சாயும்.

பசுவின் மோரில் கலக்கிக் குடிக்கவும் என்று எழுத நினைத்திருக்கிறாள். மராத்தியில் பசு gaay, 'என்ன' kaay. 'பசு' வரவேண்டிய இடத்தில் 'என்ன' என்று இருந்தது. என்ன மோரில் கலக்கிக் குடிக்கவும். வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "என்ன மோர்னா கேக்கறா? எருமை மோருன்னு எழுதிப் போடு. ஆரே பண்ணைப் பால்தானே வரது" என்றாள்.

மத்தியானம் சிரிப்பு நின்றது.

நான் கிளம்பும்போது சுக்ரிக்குத் தன் பெயரும் ஊரின் பெயரும்தான் எழுதத் தெரியும். இது ஒரு முழு வாக்கியம்.

இரண்டாவது, அந்தப் பிழை. மராத்தி காதுக்குப் பசுவில் வரும் 'க'வும் 'என்ன'வில் வரும் 'க'வும் உப்பும் சர்க்கரையும் போல. தானாகக் குழம்பாது. இரண்டையும் ஒரே 'காய்' என்று கேட்பது நாம். தமிழுக்கு ஒரு 'க' போதும். அவர்கள் எழுத்தில் நான்கு உண்டு. சுக்ரி தன் பெயரில் இருக்கும் ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டிருக்கிறாள். யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செண்பகம், அவள் விரலில் இருப்பது உன் நாக்கு.

பலகையைத் திருப்பி வைத்ததாக எழுதியிருந்தாய். பிறகு எங்கே எழுதிக்காட்டினாய்?

ஐந்தாம் மாதம் என்பதை உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் தினமும் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வேரைக் குடிக்கவில்லை.

ஷ்யாமளா


உம்பர்பாடா,
17 மார்ச் 1965

ஷ்யாமளா அக்காவுக்கு,

பலகையைத் தொடவில்லை. சத்தியமாக. முதுகில் எழுதினேன்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். சுக்ரிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை சும்மா இருந்தது. அது பாட்டுக்கு அவள் முதுகில் அவள் பெயரைப் போட்டது. நீங்கள் பலகையில் போடுவீர்களே, அதே மாதிரி. அவள் திரும்பிப் பார்க்காமலே, "ஏ, இது நானுல்லா!" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் எல்லோரும், எனக்கும் போடு மாவ்ஷி, எனக்கும் போடு என்று முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தலையைப் பின்னால் இருப்பவள் பார்க்கிறோம். நான் கடைசியில் இருந்து ஓர் எழுத்துப் போடுவேன். அது முதுகு முதுகாகப் போய், முதலில் இருப்பவள் அதைத் தரையில் மண்ணில் எழுத வேண்டும். ம என்று கிளம்பியது பதினோரு முதுகு தாண்டிப் ப என்று வந்து சேரும். அப்புறம் எந்த முதுகில் கெட்டது என்று பஞ்சாயத்து. கெடுத்தவளுக்குச் சீப்பை அழுத்தி ஓர் இழுப்பு. அந்தப் பல்லுப் போன கிழவி இருக்கிறாளே, அவள் சொல்கிறாள்: "எவ்வீட்டுக்காரன் உசுரோட இருக்கையில கூட எம் முதுகுல இம்புட்டு நேரம் கை வச்சதில்ல." சிரித்துச் சிரித்து அன்று பாதிப் பேன் தப்பிவிட்டது.

'க' என் தப்புதான். எல்லா 'க'வும் உன் பெயரில் உள்ளதுதான் என்று சுக்ரியிடம் சொன்னேன். "அப்பம் பசுவுலயும் நான் இருக்கனா?" என்று கேட்டாள். இருக்கிறாய் என்றேன். அன்று முழுக்க எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த நான்கையும் எனக்குச் சொல்லிக்கொடுங்கள். காதில் எனக்கு நாலும் ஒன்றாகத்தான் விழுகிறது. நீங்கள் சொன்னால் பழகிக்கொள்வேன்.

வேரைக் குடியுங்கள் அக்கா. அதற்காகச் சுக்ரி மலை ஏறினாள்.

செண்பகம்


மாதுங்கா,
28 மார்ச் 1965

செண்பகத்துக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சுக்ரி பேசுவதை நீ எழுதினால் அவள் உன் கோவில்பட்டிக்காரியாகிவிடுகிறாள். நானுல்லா. இருக்கனா. என்னிடம் அவள் பேசியது, வருகிறேன் பாயி, போகிறேன் பாயி. அதை எந்த ஊர்த் தமிழில் எழுதினாலும் அவ்வளவுதான்.

நேற்று அம்மாவிடம் முதுகைக் காட்டி ஏதாவது எழுதச் சொன்னேன்.

"பைத்தியமாடி நோக்கு?"

"எழுதேன்."

எழுதினாள். விரல் சில்லென்றிருந்தது. என் பெயரா, வெறும் சுழியா, ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னன்னு சொல்லு?"

"தெரியலை."

"எம்.ஏ.வாம், எம்.ஏ." என்று எழுந்து போய்விட்டாள்.

வகுப்பு என்பது விளையாட்டு அல்ல. தவறான எழுத்தோடு ஒரு பெண் நாளை தாசில்தார் ஆபீசில் போய் நின்றால் சிரிப்பார்கள். நீயும் நானும் அங்கே இருக்க மாட்டோம். சுக்ரியின் காகிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடு. பேன் பார்ப்பது நடக்கட்டும். முதுகில் எழுதுவதை நிறுத்து.

சங்கச் செயலாளர் அம்மாள் பார்க்க வந்திருந்தார். ஜூன் முதல் நம் வகுப்புக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறதாம். ஆனால் ஒரே ஒருத்திக்குத்தான். எழுத்தும் சுகாதாரமும் சேர்த்து ஒரே ஆசிரியை. யாரை வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே முடிவு செய்வார்கள்.

ஷ்யாமளா


உம்பர்பாடா,
8 ஏப்ரல் 1965

ஷ்யாமளா அக்காவுக்கு,

காகிதத்தைக் கொடுத்தேன். சிவப்பைப் பார்த்ததும் சுக்ரி பயந்துவிட்டாள். "பாயிக்கு ரத்தமா போவுது?" என்றாள். மை என்று சொன்னேன். அப்புறம் நீங்கள் போட்டிருந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "பாயி என்னப் பசுவுலருந்து எடுத்துட்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அதை அப்படியே பார்த்து மூன்று தடவை எழுதினாள். "இது சர்க்கார் பசு. எம் பசு வேற" என்கிறாள்.

முதுகில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. நான் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். ஒரே ஒருத்திதான் என்றால் அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சுக்ரிக்கு ஜூன் நடுவில் பேறு. அதுவரைக்கும் என்னை விட்டுவைக்கச் சொல்லிச் செயலாளர் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிறகு மறுவண்டியில் போய்விடுவேன். உங்கள் நாற்காலிக்கு நான் ஆசைப்படவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

வேர் குடித்தீர்களா என்று சுக்ரி கேட்டாள். குடித்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

செண்பகம்


மாதுங்கா,
30 ஏப்ரல் 1965

செண்பகத்துக்கு,

சங்கம் முடிவு செய்துவிட்டது. மே பத்தாம் தேதி நான் வருகிறேன். அதே வண்டியில் நீ தாராவி திரும்பலாம். இதில் என் பங்கு ஒன்றுமில்லை. சொல்லிப்பார்த்தேன். கேட்கவில்லை.

சுக்ரியை நான் பார்த்துக்கொள்கிறேன். கண் வெள்ளையாகிவிட்டது.

ஷ்யாமளா


தாராவி,
16 மே 1965

ஷ்யாமளா அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அன்று வண்டிக்கும் வகுப்புக்கும் நடுவில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீங்கள் மெலிந்திருந்தீர்கள். உப்பு சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்குக் கொண்டாட்டம். "பேன் பாத்தது முடிஞ்சா? இனி மாப்ள பாப்போம்" என்கிறாள். சங்க ஆபீசுக்குப் போய்வந்தேன். செயலாளர் அம்மாள் உட்காரச் சொல்லி நன்றாகப் பேசினார்கள்.

சுக்ரியின் பேறுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புது பிளேடு இரண்டு உங்கள் அலமாரியில் மேல்தட்டில். வெள்ளை நூல் பக்கத்தில். பிளேடையும் நூலையும் ஒரு படி அரிசி வேகிற நேரம் கொதிக்கவிட வேண்டும். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நகத்தடி உட்பட. கொடியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் அறுக்க வேண்டும். மேலே ஒன்றும் அப்பக் கூடாது. பேறு பார்க்கும் அந்தக் கிழவி அரிவாளோடு வருவாள். சண்டை போடாதீர்கள். வெந்நீர் போடும் வேலையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். வேலை இருந்தால் அரிவாள் ஞாபகம் வராது.

சுக்ரிக்கு இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடிசைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பாள். பிழை இருக்கும். திருத்துங்கள். பேறு முடிந்த பிறகு திருத்துங்கள்.

செண்பகம்


உம்பர்பாடா,
27 ஜூன் 1965

அன்புள்ள செண்பகம்,

பெண் குழந்தை. பதினைந்தாம் தேதி முற்பகல். இன்றோடு பன்னிரண்டு நாள் முடிந்தது. கொப்பூழ் காய்ந்து விழுந்துவிட்டது. பால் குடிக்கிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மற்றதையும் சொல்கிறேன்.

மழை. நம் வகுப்பு ஸோமி ஓடிவந்து கூப்பிட்டாள். போனேன். பிளேடு, நூல், சோப்பு எல்லாம் என் பையில் இருந்தன. உன் கடிதமும் இருந்தது. குடிசைக்குள் போனதும் நின்றுவிட்டேன். ரத்தத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கிழவி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுக்ரி என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே "மாவ்ஷி" என்று கத்தினாள்.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஸோமியிடம், "படி" என்றாள்.

சுவரில் உன் காகிதம். ஸோமி உரக்கப் படித்தாள். எழுத்து எழுத்தாக. உன் காகிதத்தில் எல்லாக் 'க'வும் ஒரே 'க'. 'சூடு', garam, வரவேண்டிய இடத்தில் karam, 'கர்மம்', இருந்தது. நான் படித்திருந்தால் கர்மத் தண்ணீர். ஸோமி படித்தபோது சுடுதண்ணீர். ஒரு இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. கிழவி எழுந்துபோய் அடுப்பை ஊதினாள். பிளேடைக் கொதிக்கவிட்டார்கள். ஸோமி முழங்கைவரை கழுவினாள். அவள்தான் கட்டினாள். அவள்தான் அறுத்தாள். நான் சோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை அழுதது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று எழுத ஆசை. முதலில் வந்தது, இங்கே நான் எதற்கு என்பது. இரண்டாவது, அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழிக்க வேண்டும் என்பது. பிறந்து ஒரு நிமிஷம் ஆகாத குழந்தையின் பக்கத்தில் நின்று இதை நினைத்தேன். சந்தோஷம் மறுநாள்தான் வந்தது. அதுவும் முழுசாக வரவில்லை.

நான் திரும்பி வந்தபிறகு வரிசையில் ஒருநாள் உட்கார்ந்தேன். நடுவில், பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு. என் பின்னால் இருந்தவள் என் தலையில் கை வைக்கவில்லை. "பாயிக்குப் பேன் இருக்காது" என்றாள், மரியாதையாக. எழுத்து என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று.

செண்பகம், சங்கம் எதையும் முடிவு செய்யவில்லை. நான் எழுதினேன். இங்கிலீஷில் நாலு பக்கம். உனக்கு எழுத்துத் தெளிவில்லை என்றும், நீ வந்தபின் பெண்களிடம் ஒழுங்கு குலைகிறது என்றும். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பொய். சுக்ரியின் காகிதத்தைப் பார்த்தெழுதிய நகலையும் சாட்சியாகச் சேர்த்து அனுப்பினேன். ஜூன்வரை விட்டுவைக்கச் சொல்லி நீ கெஞ்சிய கடிதம் கைக்கு வந்த பிறகும், ஒரு வாரம் கழித்து, இன்னும் ஒரு தடவை எழுதி அவசரப்படுத்தினேன்.

திரும்பி வா. நான் விலகிக்கொள்கிறேன் என்று செயலாளர் அம்மாளுக்கு இன்றே எழுதுகிறேன். அல்லது நான் இருந்து உனக்கு அந்த நான்கு 'க'வையும் சொல்லித்தருகிறேன். எது வேண்டும் என்று நீ சொல்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதே, நீ வந்தால் அவர்கள் எப்படி ஓடிவருவார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் வா.

ஷ்யாமளா


தாராவி,
9 ஜூலை 1965

அக்காவுக்கு,

பெண் என்று படித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "எவளுக்கோ பிள்ள பொறந்ததுக்கு இவ ஆடுதா" என்றாள். அவளும் சிரித்தாள்.

நீங்கள் எழுதியது எனக்கு மே மாதமே தெரியும். சங்க ஆபீசில் செயலாளர் அம்மாள் அந்த நாலு பக்கத்தையும் எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார்கள். என்னை உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். அதன் பிறகுதான் பிளேடு இருக்கும் இடத்தை உங்களுக்கு எழுதினேன். நீங்களாகச் சொல்வீர்களா என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டீர்கள். அது போதும் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று. போதவில்லை அக்கா.

நான் வரவில்லை. நீங்கள் விலகவும் வேண்டாம். இங்கே பக்கத்தில் ஒரு பிரசவ விடுதியில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. மூன்று நாளாகப் போகிறேன்.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜம்பு அண்ணன் வண்டியில் உம்பர்பாடாவுக்கு வருகிறேன். பிள்ளையைப் பார்க்க. சாயங்காலமே திரும்பிவிடுவேன். அன்று நீங்கள் மாதுங்காவுக்குப் போய்விடுங்கள். அம்மாவைப் பார்த்து நாளாகியிருக்கும்.

நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் என்னால் பிள்ளையைத் தூக்க முடியாது.

செண்பகவல்லி